கதவுக்கு முட்டுக்கொடுத்த அம்மன்

“மாமா... ஒரு சாமியைத் திருப்பி அனுப்பணும்னா என்ன செய்யணும்?”

போன வாரம் காலையில் வந்த போன் இது. பேசியது தேன்மொழி, என் அக்கா மகள். பெரம்பலூரில் கல்லூரியில் இரண்டாம் வருடம் விலங்கியல் படிக்கிறாள். வழக்கமாக மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நான் கூப்பிடக் காத்திருக்கும் பெண். சொந்தக் காசில் கூப்பிடுகிறாள் என்றால் விஷயம் பெரிசு.

“எந்தச் சாமியை?”

“நாங்க கொண்டுபோய் வச்ச சாமியை.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கீழப்பழுவூர் தாண்டி ஒரு கிராமம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற வெள்ளிக்கிழமை நீங்களும் தேங்காய் பழத்தோடு பஸ் ஏறிவிடுவீர்கள்! அங்கே ஏரிக்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் அடியில்தான் பஸ் ஸ்டாப். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்ததும் அந்த மரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும்.

நத்தைகுத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அலகை முழுசாக மூட முடியாத பறவை. நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடித்துத் தின்ன வசதியாக. வாயை மூட முடியாத பிராணி என்பதால் என்னைப் போல் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேலே கூடு... கீழே பஸ் ஸ்டாப்... மீதியை நான் விளக்க வேண்டுமா? மர நிழலில் குடை பிடித்து நிற்கிறவர்களை நான் அந்த ஊரில்தான் பார்த்தேன்.

குடை பிடித்தே காலம் தள்ளியிருப்பார்கள். ஆனால், பஞ்சாயத்துத் தலைவரின் பெண்ணைப் பார்க்க அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மரத்தடியில் நின்று “வூடு எந்தப் பக்கம்?” என்று நிமிர்ந்து கேட்டார். பதில் மேலேயிருந்து வந்தது. நேராக நெற்றியில்.

“சகுனம் சரியில்ல” என்று அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

தலைவர் சும்மா இருப்பாரா? அந்த வாரமே பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுவிட்டார். மரத்தை வெட்டு!

செய்தி கேட்டதும் தேன்மொழியின் கல்லூரி இயற்கை மன்றம் பொங்கி எழுந்தது. மரத்தில் அப்போது கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். இறக்கை முளைக்காதவை. மரம் விழுந்தால் அத்தனையும் போச்சு. பிள்ளைகள் ஊருக்குள் போய்த் தெருநாடகம் போட்டார்கள். அதில்தான் ஒரு சின்னச் சிக்கல். நாடகங்களுக்குக் கல்லூரியில் இந்த வருடம் கொடுத்திருந்த தலைப்பு ‘கடலிலும் நிலத்திலும் பல்லுயிர் காப்போம்: இளைஞர் பார்வையில்’. தலைப்பில் கடல் முன்னால் வருகிறதே! ஆகவே நாடகமும் கடலில் ஆரம்பித்தது. தேன்மொழியின் தோழி ஜமீலா, லெப்பைக்குடிக்காட்டுப் பெண், உரச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டு திமிங்கலமாக வந்தாள். பவளப்பாறை வந்தது. ஆமை வந்தது. நாரை வருவதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. பாதிக் கூட்டம் ஏறிப் போய்விட்டது.

தலைவர் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

“நாடகம் நல்லா இருந்துச்சு பாப்பா. எங்க ஊர்க்காரன் எவனும் இதுவரைக்கும் ஒரு திமிங்கலத்து மேல கை வச்சதில்ல. இனிமேலும் வைக்க மாட்டான். நான் கேரண்டி” என்றாராம்.

“மரம்ங்க?”

“அது தீர்மானம் போட்டாச்சே!”

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தப்பு யார் மேல்? பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு, கடலையே பார்க்காத பிள்ளைகளுக்குத் திமிங்கலத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தது நாம்தானே? அதற்கு முழு மார்க்கும் போடுகிறோம். பஸ் ஸ்டாப்பில் இருக்கிற நாரைக்கு மார்க் கிடையாது. பிள்ளைகளுக்கு அது உறைத்துவிட்டது. நமக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

நாடகம் பலிக்கவில்லை என்றதும் தேன்மொழி வேறு வழிக்கு வந்தாள்.

என் அக்கா வீட்டில் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல் வைத்திருப்பாள். அத்தான் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியிலிருந்து எப்போதோ எடுத்து வந்தது. இட்லித் தட்டு அகலம், நத்தை ஓடு போலச் சுருள் சுருளாக வரி. அம்மோனைட் என்று பேர். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததல்லவா? அந்தக் கடலில் நீந்திக்கொண்டிருந்த பிராணி, கல்லாகி, கடைசியில் என் அக்கா வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அதைப் பையில் போட்டுக்கொண்டு தேன்மொழி முதல் பஸ்ஸைப் பிடித்தாள். இலுப்பை மரத்தடியில் வைத்தாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், மஞ்சள் துணி சுற்றினாள். ஜமீலா தள்ளி நின்றுகொண்டாள்.

“திமிங்கலமா நடிச்சேன்ல... அதோட சரி. சாமி வேலைக்கு நான் வரல புள்ள. வாப்பாவுக்குத் தெரிஞ்சா துபாய்ல இருந்து அடுத்த பிளைட்ல வந்து நிப்பாக.”

மரம் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு ரம்பத்தோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

வெற்றி! பிள்ளைகள் கேண்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொண்டாடினார்கள்.

ஆனால் நம் ஜனங்களை அவர்கள் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள். சாமியைக் கொண்டுவந்து வைப்பது நம் கையில். அதற்கப்புறம் சாமி நம் பேச்சைக் கேட்குமா? சுருளைப் பார்த்து ‘சுருண்டு படுத்த நாகம்மா’ என்றார்கள். பரீட்சைக்கு வேண்டிக்கொண்டவன் பாஸ் ஆனான். தை வெள்ளிக்குப் பொங்கல் வைத்தார்கள். அடுப்புப் புகை நேராகக் கூட்டுக்குப் போனது. மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். பாட்டு போட்டதும் நாரைகள் எழும்பி ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தன. இதோடு விட்டார்களா? கமிட்டி போட்டார்கள். கமிட்டி முதல் முடிவு எடுத்தது: அம்மன் தலையில் எச்சம் விழுவது தோஷம்; மேலே இருக்கிற கிளைகளையெல்லாம் கழித்துவிட்டுத் தகரக் கொட்டகை போட வேண்டும்.

எந்த நாரைக்காக அம்மனைக் கொண்டுவந்தார்களோ, அந்த அம்மனுக்காக நாரை வெளியேற வேண்டும்!

“வெள்ளிக்கிழமை கிளை கழிக்கிறாங்க மாமா. குஞ்சுக்கு இப்பதான் இறக்கை முளைக்குது. என்னாலதான் மாமா...” என்றாள். தேன்மொழி போனில் அழுது நான் கேட்டதில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். நான், தேன்மொழி, ஜமீலா. வழியனுப்ப வந்த அக்காவுக்கு நாரையைப் பற்றியெல்லாம் கவலை இல்லை.

“ஏன்டா, வர்றப்ப அந்தக் கல்லைத் தூக்கிட்டு வா. கதவு அடிச்சு அடிச்சு கீலே கழண்டுபோச்சு” என்றாள்.

பஸ்ஸில் தேன்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அரியலூர் தாண்டியதும் திரும்பினாள்.

“அந்தக் கல்லு உசுரோட இருந்தப்ப அதுக்குன்னு ஒரு கடல் இருந்துச்சு மாமா. அதைக் காப்பாத்த நாம யாரும் இல்ல. இதுங்களுக்கு நாங்க இருக்கோம். இருந்தும் கெடுத்துட்டா எப்படி மாமா?”

டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தேன்.

மரத்தடியில் கூட்டம். தலைவர் வெள்ளைச் சட்டையில், மீசையை நீவிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அரிவாளோடு ஒருவர் தயாராக நின்றார். தேன்மொழி நேராகப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டு உடைத்துவிட்டாள்.

“இது நாகம்மா இல்லீங்க. எங்க வூட்டுக் கதவுக்கு வச்சிருந்த கல்லு. மரத்தை வெட்டக் கூடாதுன்னு நான்தான் கொண்டாந்து வச்சேன்.”

பஸ் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டேன்.

தலைவர் அசையவே இல்லை. “தெரியும் பாப்பா. நீ மஞ்சள் பூசுறப்ப எதிர்த்த டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன்” என்றார்.

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“எந்தச் சாமியையும் யாராவது ஒருத்தர்தானே கொண்டாந்து வைக்கணும்? அதுவா நடந்தா வரும்? வந்தாச்சு, பொங்கலும் தின்னாச்சு. இனிமே கல்லுன்னு சொன்னா ஊரு ஒத்துக்குமா?”

கூட்டம் ‘அதானே’ என்றது. தேன்மொழி விடவில்லை. பாடத்தில் படித்தது கைகொடுக்கும் என்று நினைத்தாள், பாவம்.

“இது பாம்பு இல்லீங்க. கடல்ல நத்தை மாதிரி ஓட்டோட இருந்த பிராணி.”

கமிட்டியில் ஓர் அம்மா மெதுவாக மேலே பார்த்தார். நாரையைப் பார்த்தார். கீழே கல்லைப் பார்த்தார்.

“நத்தையா? அடியாத்தீ! நத்தை ரூபத்துல அம்மன் உக்காந்திருக்கா... அவ தலைக்கு மேல நத்தையைத் தின்னுற நாரையா? மொதல்ல கிளையை வெட்டுங்கய்யா!”

முடிந்தது கதை! விஞ்ஞானத்தால் இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டு வந்து நின்றாள் தேன்மொழி. அரிவாள்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். மேலே ஒரு குஞ்சு கூட்டு விளிம்புக்கு வந்து, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் ஜமீலா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“நாரையும் நத்தையும் கடவுள் படைச்சதுதானே? நீங்க எல்லாரும் பேசுறீங்க. உங்க அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கூட்டத்தில் சலசலப்பு. நியாயமான கேள்விதானே? நம் பக்கத்தில் கல்யாணம் காட்சி என்றால்கூடப் பூ கட்டிப் பார்க்காமல் செய்வதில்லை. தலைவர் எழுந்தார். “சரி, பூ கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா கிளையைத் தொடக் கூடாது. சிவப்பு வந்தா கழிச்சிரலாம். அப்புறம் யாரும் பேசக் கூடாது” என்றார்.

பொட்டலத்தை ஊர்ப் பெரியவர்தான் கட்ட வேண்டும். கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது. தலைவர் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டினார். கட்டிக்கொண்டே, திரும்பாமல், பின்னால் நின்ற தேன்மொழியிடம் மெல்லக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது.

“குஞ்சு எப்ப பறக்கும் பாப்பா?”

“இன்னும் ஒரு மாசத்துக்குள்ள பறந்துடும்ங்க.”

“ம்... தெனம் டீக்கடையில உக்காந்து பாக்குறேன். அந்தத் தெக்குக் கிளைக் குஞ்சு மட்டும் தேறவே மாட்டேங்குது.”

பொட்டலங்களை அம்மன் முன்னால் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். கூட்டத்திலிருந்த ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். தேன்மொழி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜமீலா வேறு பக்கம் திரும்பி, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

குழந்தை எடுத்தது. தலைவர் பிரித்தார்.

வெள்ளை!

அரிவாள் கீழே இறங்கியது. “அம்மன் உத்தரவு” என்று தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கையோடு, மரத்தில் கட்டிய ஸ்பீக்கரையும் பொங்கல் அடுப்பையும் ஏரிக்கரையின் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். “அம்மனுக்கு நாரைச் சத்தம்தான் பிடிக்கும்போல” என்றார். உத்தரவு வந்த பிறகு யார் மறுப்பது? கிளையை வெட்டச் சொன்ன அம்மாதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து தலைவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் இருமுவது போல் சமாளித்தேன்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தலைவர் அதைத் தேன்மொழியிடம் கொடுத்தார். “ஏரியில விட்டுட்டு வந்துரு.”

இந்தக் காலத்துப் பிள்ளையிடம் பிரிக்காதே என்று சொன்னால்? கரைச் சரிவில் இறங்கியதும் பிரித்துவிட்டாள். பார்த்தாள். எங்களுக்கும் காட்டினாள்.

அதுவும் வெள்ளை.

தன் தீர்மானத்தைத் தானே வாபஸ் வாங்கினால் மீசை என்ன ஆவது? அதற்காகத்தானே அம்மன் தேவைப்பட்டாள்! செவ்வரளி அவர் சட்டைப் பையில் வாடிக்கொண்டிருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது தலைவர் கேட்டார். “பிரிச்சுப் பாத்தியா பாப்பா?”

“இல்லீங்களே.”

“நல்ல புள்ள” என்று மீசையை நீவிக்கொண்டார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு. பல்லுயிர் காக்க இளைஞர் பார்வை மட்டும் போதாது, பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிற பெரியவர் ஒருவரும் வேண்டும்போல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் அக்கா வீட்டுக் கதவு இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது ஒரு கல் இருந்தால் கொடுத்து உதவுங்கள்... தெய்வமாகும் யோசனை இல்லாத, சாதாரணக் கல்லாகப் பார்த்து!