கொஞ்சம் முன்னால் போய்விட்டேன்

லப்பைக்குடிக்காட்டு நண்பர் காதர் பாய் வளைகுடாவில் படகோட்டியவர்; இப்போது படுக்கையில் இருக்கிறார். உலக நாடுகள் மோதும் அதிவேக இரட்டை உடல் பாய்மரப் படகுப் பந்தயத்தை, சீசன் முழுக்க, வேலை முடிந்து வரும் மகளோடுதான் டிவியில் மறுஒளிபரப்பாகப் பார்ப்பார். முடிவை முன்கூட்டிக் கேட்கமாட்டார்.

இறுதிப் பந்தயத்தன்று அரியலூரிலிருந்து, வழியில் போனில் முடிவைப் பார்த்துவிட்டுப் போன நான், நுழைந்ததுமே, "என்ன பாய், உங்க சிவப்புப் படகு தோத்துடுச்சே!" என்று உளறிவிட்டேன். அவர் முகம் வாடியது. வாசலில் மகளின் குரல் கேட்டது. "புள்ளைகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றார்.

டிவியில், அடியிலிருந்த இறக்கைகள் தூக்கிவிட, படகுகள் தண்ணீருக்கு மேலே பறந்தன. "அத்தா, நம்மாளுதான் முந்துறான்!" என்றாள் மகள். "வுடாத, புடி!" என்று அவரும் கத்தினார். சிவப்புப் படகு தோற்றபோது அவளுக்கு முன்பே தலையில் கைவைத்தார்.

விடைபெறும்போது, "அடுத்த வருஷமும் வாங்க சார். கொஞ்சம் லேட்டா வாங்க" என்று சிரித்தார்.

அவர் காத்திருந்த மாலையை நான் கெடுத்தேன். மகளுடைய மாலையை அவர் கெடவிடவில்லை.