சார்ட்டில் ஒரு கம்பம் கூடுதல்

எழுபதுகளின் பின்பாதியில் நாங்கள் வங்காளத்தில், டாக்குரியாவில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டு வங்காளக்காரர் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கிற பாதை இன்ஸ்பெக்டர். அண்ணன், அண்ணி என்கிற முறையில் எங்களுக்கு அவர் தாதா, அவர் மனைவி பௌதி. தாதாவுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வார்த்தை. தினமும் சாப்பாட்டு வேளையில் மாடிப்படிக்குக் கீழே நின்று, "சாப்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். என் கணவர் "ஆச்சு தாதா" என்பார். அதோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

என் கணவருக்கு உத்தியோகம் தண்டவாளத்தைச் சோதிக்கிற வண்டியில். பார்வைக்கு அது சாதாரண ரயில் பெட்டிதான். உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் உருண்டுகொண்டே இருக்கும் சார்ட் காகிதச் சுருள், அதைத் தொட்டபடி வரிசையாகப் பேனாக்கள். வண்டி ஓட ஓட, தண்டவாளம் எங்கே பள்ளமாக இருக்கிறது, எங்கே அகன்றிருக்கிறது என்று பேனாக்கள் தாமாகவே கோடு இழுத்துக்கொண்டு போகும். மனுஷன் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கிலோமீட்டர் கம்பத்தைப் பார்த்தால் "போல்" என்று கத்துவார், பாலத்தைப் பார்த்தால் "பிரிட்ஜ்" என்பார். இவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் பொத்தானை அமுக்கி அடையாளம் போடுவார். அந்தப் பெட்டி மேல் இவருக்கு இருந்த ஆசையில் கால்வாசி என் மேல் இருந்திருந்தால் நான் பூரித்தே பருத்திருப்பேன்.

நானும் அதே ஆபீசில் ட்ரேஸர். சுருள்கள் எங்கள் பிரிவுக்கு வரும். பேனா எகிறிய இடம் எந்தக் கிலோமீட்டர் என்று கம்ப அடையாளங்களை எண்ணிப் பார்த்து, தனித் தாளில் வரைந்து பெரிய அதிகாரிக்கு அனுப்புவோம்.

ஒரு வருஷம் மழைக்குப் பிறகு தாதா தன் ஆட்களை வைத்து ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியைக் கெட்டித்து, வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த சில நாளில் இவர் வண்டி அந்தப் பக்கம் ஓடியது. சுருள் என் பக்கத்து மேஜைக்குப் போனது. தாதா சரிசெய்ததாகச் சொன்ன அதே கிலோமீட்டரில் பேனா துள்ளிக் குதித்திருந்தது, அத்தனை பெரிய பள்ளம். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதினீர்களா என்று அதிகாரி தாதாவைக் கேட்டுவிட்டார். பொய் அறிக்கை என்று குற்றச்சாட்டு வரும், எங்கேயாவது காட்டுப் பக்கம் தூக்கியடிப்பார்கள் என்று ஆபீசில் பேச்சு. தாதாவுக்கு மாற்றலைவிடப் 'பொய்' என்ற சொல்தான் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மாடிக்கே வந்துவிட்டார். உங்கள் மெஷின் தப்பாக எழுத வழியுண்டா என்று இந்தியும் வங்காளமும் கலந்து இவரிடம் கேட்டார்.

"மெஷின் பொய் சொல்லாது, தாதா."

"அப்போ நான் சொல்றேனா?"

தாதா இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து படிக்குக் கீழே குரல் இல்லை.

"நாக்குல சனியா உங்களுக்கு?" என்று நான் பிடித்துக்கொண்டேன். சார்ட்டில் இருப்பதை இல்லையென்று சொல்லச் சொல்கிறாயா என்று இவர் சிடுசிடுத்தார். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே படிப்பக்கம் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். திட்டவும் மனசு வராது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பௌதியைப் பார்த்தேன். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். வழக்கமான காய்கறிக்காரன் இடம் மாறிவிட்டான், இப்போது 'போலேர் நீச்சே' உட்காருகிறான் என்றாள். நீச்சே என்றால் கீழே, அது தெரியும். எந்தக் கம்பத்துக்குக் கீழே என்று கேட்டேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். போல் என்றால் கம்பமில்லை, பாலம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த தங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அந்தப் பள்ளம் பதிவான அன்றைக்கு வண்டி ஜன்னலில் இருந்தது யார் என்று இவரைக் கேட்டேன். வழக்கமான ஆள் லீவு, புதுசாக ஒருவன், அவனும் கிழக்கு வங்காளக் குடும்பம்தான் என்றார்.

"பாலத்துக்கு என்ன சொன்னான்?"

யோசித்தார். முகம் வெளுத்துவிட்டது. "கம்பத்துக்கெல்லாம் போஸ்ட்டுன்னான். நடுவுல ஒரு தடவை போல்னான். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நான் கம்பமாவே போட்டுட்டேன்."

அந்தப் பாதையில் ஒரு பாலம் உண்டே, அதை அவன் சொல்லவில்லையே என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். வேறெதைப் பார்த்திருக்கிறார் இந்த மனுஷர்!

மறுநாள் ஆபீசில் அந்தச் சுருளை விரித்து ஸ்கேல் வைத்தேன். கையால் அமுக்குகிற பொத்தான் ஆகையால் இடைவெளிகள் எப்போதும் முன்னே பின்னே இருக்கும். அதனால் யாரும் அளப்பதில்லை, எண்ணுவதோடு சரி. அளந்தால், ஓரிடத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று திருட்டுத்தனமாக நின்றது. அதற்குப் பிறகு எல்லாக் கணக்கும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

இவர் யாரையும் முன்னே அனுப்பவில்லை. தானே சுருளைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் போய், தப்பு என்னுடையது, இன்ஸ்பெக்டர் எழுதியது உண்மை என்றார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளம் நிஜமாக இருந்தது தாதா சரிசெய்ததற்கு முந்தின கிலோமீட்டரில். அதுவும் தாதாவின் பாதைதான், இனிமேல்தான் கெட்டிக்க வேண்டிய இடம். விஷயம் தெரிந்ததும் அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லையாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போய்விட்டார்.

அன்று இருட்டிய பிறகுதான் திரும்பினார். மாடியில் நாங்கள் சாப்பிட்டு முடித்து, இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். படிக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"சாப்டாச்சா?"

இவர் ஈரக் கையோடு படிக்கட்டுக்கு ஓடினார். வயிறு முட்டத் தின்ற மனுஷர், "எகொனோ ஹொய்னி, தாதா" என்றார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கீழே பௌதி எங்களுக்கு லூச்சிப் பூரி சுட எண்ணெய் வைத்தாள்.