நான் உயர்த்திப் பிடித்த கை

மலாய் நாட்டின் காஹாங்கில் ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் கம்பங்கள் நட்டு, உச்சியில் மரப்பெட்டி பொருத்தி, எலி பிடிக்கும் ஆந்தையைக் குடிவைக்கிறார்கள். ஆந்தை அலறினால் பயணத்தையே தள்ளிப்போடும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். தினமும் காலையில் அந்தப் பெட்டிகளின் கீழே தோட்ட அலுவலகத்துக்கு, எழுத்தர் வேலைக்கு நடப்பது இரண்டு ஆண்டுகளாகியும் பழகவில்லை. எலி பிடிக்கத் தெரிந்ததால் ஆந்தைக்குக் கிடைத்த மரியாதை அது. இதையே ஒரு சொற்பொழிவின் தொடக்கமாகவும் வைத்துக்கொண்டேன்.

கல்லூரிப் பட்டிமன்றங்களில் வளர்ந்தவன் நான்; எதிரணிக்கு விடை சொல்லாமல் மேடையிறங்கியதில்லை. தமிழ்நாட்டின் பழங்குடிகள் எனக்கு மனப்பாடமான தலைப்பு. நீலகிரியின் தோடரும் கோத்தரும், சவ்வாது மலையின் மலையாளிகளும், வடமாவட்டச் சமவெளியின் இருளரும் எனக்குக் கோப்பைகள் வாங்கித் தந்தவர்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் நான் ஒருவாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் பழக்குலை வெட்டிய கன்னியப்பன் என் ஊர்ப்பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வேலை பெர்மிட் புதுப்பிக்க அவர் என்னிடம் தந்த பிளாஸ்டிக் உறையில் கடவுச்சீட்டோடு இருளர் என்ற சாதிச் சான்றிதழும் இருந்தது. இங்கே இது எதற்கு என்று கேட்டேன்.

"ரொம்ப அலைஞ்சு வாங்குனது சார். ஊட்ல வச்சா கரையான் தின்னுடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொங்சியில தங்கி நம்மூர்ப் பசங்களோட ஒரே சட்டியில சாப்புடறேன். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

தலையசைத்தேன்.

பொங்கலன்று தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேச அழைத்தார்கள். ஆந்தையில் தொடங்கி இருளருக்கு ஏறினேன். கைதட்டல் கூடக்கூட நாக்கு என் வசத்தில் இல்லை. நாகத்தின் தடத்தை மண்ணில் படித்த குலம் என்றேன். அந்தக் குலத்தின் வாரிசு இதோ நம்மோடு என்று இறங்கிப்போய்க் கன்னியப்பனை மேடையேற்றி, அவருடைய வலக்கையை உயர்த்திப் பிடித்தேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கை என் பிடியிலிருந்து கீழிறங்கப் பார்த்தது. கூச்சம் என்று எண்ணினேன்.

மறுநாளே தொழிலாளர் குடியிருப்பான கொங்சியில் அவருக்குத் தனிச் சட்டி வந்தது. ஒதுக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஊர்க்காரர்கள். இந்த ஊர்த் தமிழர்களுக்கோ அவர் வீரர். அடுத்த வாரம், வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் நாகம் ஒன்று புகுந்தது. இங்கே பாம்பு பிடிக்கத் தீயணைப்புப் படையை, அதாவது பொம்பாவை அழைப்பதுதான் வழக்கம். கங்காணியான மண்டோர் ராஜு சிரித்தார்.

"அலமாக், பொம்பா வர்ற வரைக்கும் வேலைய நிப்பாட்டணுமா? நம்ம ஹீரோ இருக்காருலா, கூப்புடுங்க!"

கன்னியப்பன் பின்வாங்கினார். "எனக்குப் பாம்பு தெரியாதுங்க. பொறந்ததுலேர்ந்து செங்கச் சூளைதான். சார், நீங்க சொல்லுங்க சார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலாய்க்கார உதவி மேலாளர், இவர் கெட்டிக்காரர்தானே என்னும் பொருளில், "தியா பண்டாய், கான்?" என்று கேட்டார். நிறைந்த அவையில் முழங்கியதை ஒரு மட்டைக் குவியலின் முன் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை. "பண்டாய். மாலு சாஜா," என்றேன். கெட்டிக்காரர், கூச்சப்படுகிறார், அவ்வளவுதான்.

அவர் கடைசியாக ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

நாகம் கையில் கடித்தது; உயிர் தப்பியது. வலக்கையின் இரு விரல்களைக் குளுவாங் மருத்துவமனையில் எடுத்தார்கள். அவர் தாமாகவே முன்வந்தார் என்கிறது தோட்டத்து விபத்து அறிக்கை. தட்டச்சு செய்தவன் நான். அது பொய் என்று இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனையில் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் பேசவிடவில்லை.

"ஊர்ல சான்றிதழ் கேட்டப்பவும் ஆபீஸ்ல இதான் சார் கேட்டாங்க. இருளன்னா பாம்பு புடிச்சிக் காட்டுன்னாங்க. பாம்புத் தோல் வாங்குறத எங்கப்பா காலத்துலயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, அப்பலேர்ந்து சூளைதான்னு சொன்னேன். மூணு வருசம் அலையவிட்டாங்க." கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "அவங்களுக்காவது எங்களப் பத்தித் தெரியாது. நீங்க படிச்சவரு."

குலை வெட்டும் நீண்ட கம்பைப் பிடிக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் இடமில்லை. அதே பிளாஸ்டிக் உறையோடு ஊர் திரும்பினார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் அவர் மகளுக்குக் கல்யாணம். இருளர்கள் அன்று அங்கே கூடுவதையும், மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனை வணங்குவதையும் எத்தனையோ மேடைகளில் வர்ணித்திருக்கிறேன். புறப்படும்போது, எப்போது கல்யாணம் என்பதை மட்டும் சொன்னார். வா என்று அழைக்கவில்லை.

அந்த நாளில் விடுப்பெடுத்து மெர்சிங் கடற்கரைக்குப் போனேன். ஊரில் கடல் கிழக்கே, இங்கும் கிழக்கே. எழுகிற சூரியனை நோக்கி உட்கார்ந்து மணலில் படி கட்டிப் பார்த்தேன். எத்தனை படி என்பது தெரியும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்பது தெரியவில்லை. மூன்றாம் படிக்கு மேல் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. இந்தக் கடலைப் பார்த்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஊர் மேற்கே, என் முதுகுக்குப் பின்னால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து, திரும்பி நின்றேன். வந்த சாலை தெரிந்தது. அது செம்பனைகளுக்குள், ஆந்தை வீடுகளை நோக்கிப் போயிற்று.