கேற்றடியில் வைத்த வெற்றுக் கான்

குழாய்த் தண்ணீர் கேட்டு எங்கள் ஒழுங்கையில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்கு முன்பு புங்குடுதீவில் எங்களுக்குக் குடிதண்ணீர் பவுசர் வண்டியில்தான் வரும். முச்சந்திப் பூவரசின் கீழே நின்ற கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போவார்கள். விடியவே பிளாஸ்டிக் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். கான் தூக்கி இடுப்பும் நாரியும் பிடித்துக்கொள்ளும், வாய் மட்டும் ஓயாது. ஒழுங்கை முனை வீட்டு அக்காவுக்கும் எனக்கும் இடம் பிடிப்பதில் எப்போதும் கொழுவல். அவருடைய மஞ்சள் கானை ஒருநாள் பின்னுக்குத் தள்ளி வைத்ததற்காக ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

குழாய் வந்தது. முச்சந்தி வெறிச்சோடிப் போயிற்று. அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு வளவுகள். நான்கிலும் ஆளில்லை, உயர்ந்த மதிலும் பூட்டிய கேற்றும்தான். குசினிக்குள்ளேயே தண்ணீர் வந்த பிறகு வெளியே இறங்க ஒரு காரணமும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டுவேன். கேற்றடிக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன்.

ஒரு காலை பொறுக்க முடியாமல், என் வளவிலேயே மரம் நின்றபோதும், கறிவேப்பிலை கேட்கும் சாட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். முதல்நாள் விடிய வழுக்கியதாம். ஒழுங்கையால் போன மோட்டார் சைக்கிள்களைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், மதிலைத் தாண்டிக் கேட்கவில்லை.

"கான் வைக்கிற காலமெண்டா நேற்றே தேடி வந்திருப்பீர்" என்றார்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் காலை ஆறு மணிக்கு அவரவர் கேற்றுக்கு வெளியே வெற்றுக் கானை வைக்க வேண்டும். ஒழுங்கை நேரானது, என் கேற்றடியில் நின்றால் மஞ்சள் தெரியும். தெரிந்தால் நிம்மதியாக உள்ளே போய்விடுவேன்.

சில நாட்களில் ஏழாகியும் மஞ்சளைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். மறந்துபோய்விட்டதாம். போன கிழமை மூன்றாவது தடவையும் இப்படி நடக்க, வாசலில் நின்றே ஏசிவிட்டேன். உங்களுக்கு முதல் நான் பயத்தில் செத்துப்போவேன் என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேரத்துக்கு வைச்சா நீர் வாறேல்லையே."

பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டிருந்தது. அதன்மேல் மூடி வைத்த தேத்தண்ணி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்தேன்.