காலேஜ் சீட்டுக்காக நான் சொன்ன பெயர்

கேட்டது கிடைக்கவில்லையே என்று அழாதவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் கேட்டது கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருஷம் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. அந்தக் குழியிலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கி எடுத்தார் என்பதைத்தான் சகோதர சகோதரிகளாகிய உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் பிலோமினா எழுதுகிறாள். பேச்சை அவள் திருத்தி எழுதலாம், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் மரியபுஷ்பம். மயிலாப்பூர்க் கடற்கரையில் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து கட்டுமரத்தில் போகிறவர். நான் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் வீடு வீடாக விற்கிறவள். விடிந்ததும் கட்டுமரங்கள் கரையேறும். மீனை மணலில் குவித்து ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. கேட்ட விலையிலிருந்து பின்வாங்கக் கூடாது. குவியலுக்கு முன்னால் நிற்கிறவள் மட்டும்தான் கேட்கலாம், அங்கே இல்லாதவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது செல்லாது. இந்த இரண்டையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கெட்டதும் பிழைத்ததும் இவற்றால்தான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அமலதாஸ். இரண்டு வருஷம் இளையவள் பிலோமினா. ஆழ்வார்பேட்டையில் நான் மீன் போடும் வீட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் ஒருநாள் சொன்னார், "புஷ்பம், உன் பையனை நல்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல போடு. அங்கேருந்து வந்த பசங்கன்னா காலேஜ்ல கண்ணை மூடிட்டு எடுத்துக்குவாங்க." அந்த வார்த்தை எனக்கு வேதவாக்காகப் போய்விட்டது. காதில் கிடந்ததைக் கழற்றி, ஆறாம் வகுப்பில் அமலதாஸைத் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வெள்ளைச் சட்டை, டை, பூட்ஸ் போட்டு அவன் குப்பத்து மணலில் நடந்து போவதைப் பார்க்க நாலு வீட்டுப் பெண்கள் வெளியே வருவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

"பொண்ணையும் அந்த மாதிரி ஒண்ணுல போடேன்" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னாத்துக்கு? அவ நாளைக்குக் கூடை தூக்கப் போறவ" என்றேன்.

பிலோமினா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போவதற்கு முன்னால் அண்ணனுடைய பூட்சுக்குப் பாலீஷ் போடுவாள். வந்ததும் கருவாட்டைப் புரட்டிப் போடுவாள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் பேனா நிற்கவில்லை. நான்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

எழுபதாம் வருஷம் அமலதாஸ் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். மார்க் சுமார்தான். இருந்தாலும் எனக்குக் கவலையே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்களே. பட்டப்படிப்புக்கு முந்தின பி.யூ.சி.க்கு, ஊரிலேயே பெரிய கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பம் போட்டோம். இரண்டாவதாக ஒரு கல்லூரிக்கும் போடு என்று சொன்னவர்களை நான் எடுத்தெறிந்து பேசினேன். முதல் லிஸ்ட் ஒட்டிய அன்று கூடையை வாசலில் வைத்துவிட்டு நானும் அவனோடு உள்ளே போனேன். பலகையில் அவன் நம்பர் இல்லை. வேட்டி கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்திருந்த பையன்கள் தங்கள் நம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பையன் எந்தப் பள்ளிக்கூடம் என்று அந்தப் பலகையில் எழுதவே இல்லை. அதற்காகத்தான் அத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருந்தேன்.

"இன்னொரு லிஸ்ட் கீதும்மா" என்று அமலதாஸ் சொன்னான்.

மறுநாளிலிருந்து தினமும் ஏலம் முடிந்ததும் கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். முதலில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அடுத்த நாள், பரங்கிமலைப் படிகளை முழங்காலால் ஏறுகிறேன் என்றேன். அன்றைக்குக் கோயிலில் இன்னும் சில தாய்மார்கள் நின்று உருகிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை முடிந்த காலம். எல்லோரும் சீட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் புத்தி மணலுக்குப் போயிற்று. இவள் ஒன்று கேட்டால் நான் மேலே ஒன்று கேட்க வேண்டும், விடக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. "என் பையனுக்கு சீட்டு குடு. என் பொண்ணை உனக்குக் கன்னியாஸ்திரீயா உட்டுடறேன்."

அந்த நேரத்தில் பிலோமினா வீட்டில் எங்களுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது லிஸ்டில் அமலதாஸின் நம்பர் இருந்தது. குப்பமே கூடி மாலை போட்டது. கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். மெழுகுவர்த்தியைச் சொன்னேன், பரங்கிமலையைச் சொன்னேன். மூன்றாவதை மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் என் விசுவாசத்தைப் புகழ்ந்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தது பயம். ஏலத்தில் எடுத்த மீனுக்குப் பணம் கொடுக்காமல் சுற்றுகிறவளை எங்கள் மணலில் நிற்க விடமாட்டார்கள். நான் ஆண்டவரிடம் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தேன். வலை கிழிந்தால் அதுதான் காரணம் என்று நினைப்பேன். என் வீட்டுக்காரர் கட்டுமரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கிப் படுத்தபோது, இது எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டேன். அமலதாஸ் பி.யூ.சி.யில் ஒரு பாடத்தில் தவறினான், அதுவும் என்னால்தான் என்று அழுதேன். பிலோமினாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. குழம்பில் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைப்பேன். அவளை வேலை ஏவமாட்டேன். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள், "இன்னாமா, விருந்தாளிய கவனிக்கிற மாதிரி கவனிக்கிற?" நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எழுபத்திரண்டில் அவளும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், தமிழில் படித்தவள், ஒரு டியூஷன் கிடையாது. அண்ணனைவிட எவ்வளவோ நல்ல மார்க். அவள் வகுப்பு டீச்சரே குப்பத்துக்கு வந்து அரசாங்கப் பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்லூரியிலிருந்து தபாலில் வந்த முதல் கார்டிலேயே இடம் வந்துவிட்டது. அவள் அந்தக் கார்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பட்ச்சி காமிம்மா நைனாகிட்ட" என்று கேலி செய்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியுமே. அவள் சிரிக்கச் சிரிக்க நான் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, நான் பேசினது தப்பு. பேசின பேச்சிலேருந்து எப்படி மீள்றதுன்னு தெரியல. என்னை என்ன வேணும்னாலும் செய்யும். அவளை விட்டுடும்." பதில் எதுவும் வரவில்லை. கல்லூரியில் சேரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் அடையாற்றில் ஒரு கன்னியர் மடத்துக்கு மீன் கொடுப்பது வழக்கம். அன்று இரண்டு கூடை இருந்தது. ஒன்றைப் பிலோமினா தலையில் வைத்தேன். மடத்தில் மீனை இறக்கிவிட்டு அங்கிருந்து கல்லூரிக்குப் போகலாம் என்று அவள் அந்தக் கார்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். நான் அவளை மடத்தில் விட்டுவிட்டு வரத்தான் கூட்டிக்கொண்டு போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாட்சி சாட்சியே இல்லை.

அடையாறு பாலத்தில் நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"அண்ணன் இஸ்கூலுக்குத் துட்டு கட்டுன. காலேஜுக்கு என்னிய கட்டிட்டியா?"

கூடையைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பி ஓடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மடத்தின் மதர் மீன் விலையில் ஒரு காசு விடாதவர். பல வருஷமாக நானும் அவரும் சண்டை போட்டே பழகியவர்கள். அன்று நான் விலை பேசவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மதர் என்னைப் பார்க்கவில்லை. பிலோமினாவைப் பார்த்தார்.

"உனக்கு இங்க வர விருப்பமா?"

"எனக்குப் படிக்கணும் மதர்" என்றாள். "ஆனா எங்கம்மா ரெண்டு வருசமா பயந்துகினு கீது. இன்னாத்துக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் வந்தாதான் அது போவும்னா, வரேன்."

என் மகள் என்னை இவ்வளவு நேசிக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன்மா. நம்ம மணல்ல, நிக்காத பொம்பள பேரைச் சொல்லி ஏலம் கேட்டா செல்லுமா?"

"செல்லாது" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். இந்தச் சட்டத்துக்காக எத்தனையோ விடியற்காலையில் நானே மற்றவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

மதர் மெதுவாகச் சொன்னார், "கேட்டியா புஷ்பம்? உன் வாயாலேயே சொல்லிட்ட. நீ பண்ணின நேர்ச்சை உன்னைத்தான் கட்டும், இவளைக் கட்டாது. ஆண்டவருக்கு இவ வேணும்னா இவளைத்தான் கூப்பிடுவார். கூப்பிட்டா இந்தக் கதவு திறந்திருக்கும். இப்ப எழுந்திரு, காலேஜ் மூடிடப் போறாங்க."

அன்றைக்கு மதர் பேரம் பேசாமல் நான் வழக்கமாகச் சொல்லும் விலையைக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் பஸ்ஸில் போய் அவளைக் கல்லூரியில் சேர்த்தேன். மீன் வாசனையோடு வரிசையில் நின்ற எங்களை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். ஒரு வாரமாக வரவில்லை என்று நான் அழுத பதில், என்னோடு அதே வீட்டில் இருந்த பிள்ளையின் வாயில்தான் இருந்திருக்கிறது. நான் அவளைக் கேட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே கிடைத்திருக்கும்.

பங்குச் சாமியாரிடம் என் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பயம் அன்றே போயிற்று. குற்ற உணர்ச்சி போகவில்லை, போகவும் வேண்டாம். கையில் இருக்கும் தழும்பு மாதிரி அது இருக்கட்டும். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மடத்திலிருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு கூடை மீன் நானே சுமந்துபோய்ச் சும்மா கொடுக்கிறேன். கூடையும் என்னுடையது, தலையும் என்னுடையது.

பிலோமினா முதல் வருஷம் இங்கிலீஷ் புரியாமல் அழுதாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். தேறினாள், மேலே படித்தாள், இப்போது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் ஒன்றிலேயே டீச்சர். அமலதாஸ் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, நல்ல பிள்ளை. தங்கைக்கு முதல் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அவன் படித்த பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லமாட்டேன். இங்கிலீஷும் நல்ல பழக்கமும் கொடுத்தார்கள். கல்லூரி வாசலைத் திறந்துவிடுகிறோம் என்று அவர்கள் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். நினைத்தது நடக்காதபோது ஒரு பிள்ளையை எடுத்து இன்னொரு பிள்ளைக்கு விலையாக வைத்தேன்.

பரீட்சை முடிவு வரும் காலத்தில் கோயிலில் முழங்காலில் நிற்கும் தாய்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் போய்ச் சொல்லத் தோன்றுகிறது. கேளுங்கள். அழுது கேளுங்கள். அவர் ஏலக்காரர் இல்லை, யார் அதிகம் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். உங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லோரையும் அவர் கையில் வைத்துவிட்டு, நம்பி எழுந்திருங்கள். என்னைப் போன்றவளையே அவர் கைவிடவில்லை.

இந்தச் சாட்சியைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த அன்று பிலோமினாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இதுல உன் பேரைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பவாவது கேட்டியே" என்றாள். "சொல்லு, எழுதறேன்."