வாசலில் அடித்த ஹாரன்

பென்சில்வேனியாவின் வடகோடியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னான் கிம்பிளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டினாலும் அவர் வண்டி நிற்காது. மகள் ஆட்ராவைப் பற்றிய பேச்சும் நிற்காது. பொய்யும் சொல்லவில்லை மனிதர். பள்ளியில் அவள்தான் முதல். ஊர் எல்லையில் இருந்த சிறு கல்லூரியின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிப்பார். "எம் பொண்ணுக்கு இடம் போட்டு வைங்கப்பா!" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கடைசி வருடம் ஆட்ரா பெயர்பெற்ற கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தச் சிறு கல்லூரிக்கும் ஒன்று போட்டுவைத்தாள்.

"அப்பா, சனிக்கிழமை அங்க சுத்திப் பாக்கக் கூப்பிட்டிருக்காங்க. போலாமா?"

"எதுக்கு? தினம் அந்த வாசல் வழியாத்தானே போறோம். அவங்கதான் உன்னத் தேடி வரணும். போய்ப் படி கண்ணு."

வசந்தம் பிறந்ததும் பதில்கள் வந்தன. பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசியில் அந்தச் சிறு கல்லூரியும் இல்லை என்றது. ஆட்ராவிடம் கணக்குக் கற்றுத் தேறிய வகுப்புத் தோழன் ட்ரெவருக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது.

பள்ளி ஆலோசகர் திருமதி லாஸ்கியிடம் போய் நின்றார் வெர்னான். "எம் பொண்ணுகிட்ட என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல வெர்ன். இவ எங்க நம்மகிட்ட சேரப்போறான்னு அந்தச் சின்னக் காலேஜ்காரங்க நெனச்சிருக்கலாம். கூப்பிட்டும் ஒரு தடவகூட போய்ப் பாக்கல இல்லையா? வந்து பாக்குறவங்கதான் சேருவாங்கன்னு சில காலேஜ்ல கணக்குப் போடுவாங்க. அதுவாத்தான் இருக்கும்னும் சொல்ல முடியாது. உள்ள என்ன பேசினாங்களோ, யாருக்குத் தெரியும்?"

காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லியிருந்தால், தலையில் அடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதிருப்பார். இருக்கலாம் என்றாரே, அதுதான் கொடுமை. தன் வாய்தான் மகளின் வாய்ப்பைக் கெடுத்ததா என்பது அந்த மனிதருக்குச் சாகும்வரை தெரியப்போவதில்லை.

மே முதல் தேதி, கடைசி வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் நாள். ஆட்ரா அப்பாவின் பழைய பஸ் டெப்போ சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"நான் உள்ள போய்ப் பாத்த இடம் இது ஒண்ணுதாம்ப்பா."

வண்டியை எடுத்தார். வழியில் ட்ரெவர் அந்தச் சிறு கல்லூரியின் புத்தம்புதுப் பச்சைச் சட்டையில் ஏறினான். கல்லூரி வாசல் நெருங்கியது. வெர்னானின் கை ஹாரன் பக்கமே போகவில்லை.

"மிஸ்டர் கிம்பிள், ஹாரன்!" என்று கத்தினான் ட்ரெவர். பக்கத்திலிருந்த பெண் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"அடிங்கப்பா," என்றாள் ஆட்ரா. "அவனுக்கு இடம் போட்டு வெச்சிருக்காங்கல்ல."

வெர்னான் அடித்தார்.