திருச்சானூரில் விலை படியாத கிடார்

பிள்ளைகளே, “பழைய கிடாரைத் தேடி ஏன்பா அலையறே?” என்று போனில் சிரிப்பீர்களே, இதைக் கேளுங்கள்.

திருச்சானூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். மேடைக் கச்சேரிகளில் பெயர் வாங்கிய அவருடைய கணவரின் கிடாருக்கு விலை சொல்ல வேண்டுமாம். பிரபலமானவர் வாசித்தது என்றால் சேகரிப்பவர்கள் போட்டி போடுவார்கள். சித்தூரிலிருந்து ஆசையோடு பஸ் ஏறினேன்.

பழைய கிடார் வாங்கி விற்கிற நாங்கள், வாசித்துப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. கிடாரின் கழுத்துப் பகுதி வளைந்திருந்தால் அபஸ்வரம் காட்டிக்கொடுத்துவிடும். சுருதி சேர்த்து மீட்டினேன். அந்த அம்மா சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நல்ல விலைதான் சொன்னேன்.

“பத்தாதுண்ணா.”

ஏற்றிச் சொன்னேன். அதே பதில்.

“எவ்ளோதாம்மா எதிர்பாக்கறீங்க?”

அவர் தலை குனிந்தார். “கோச்சிக்காதீங்கண்ணா. நான் விக்கமாட்டேன். வாங்க வர்றவங்க வாசிச்சுப் பாத்துக்கினுதானே வெல சொல்றாங்க? அதுக்குத்தான் கூப்பிடறேன். அவரு போனப்புறம் வூட்ல சத்தமே இல்ல.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிடாரை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

“இன்னும் சரியா டெஸ்ட் பண்ணலம்மா.”

“நல்லா பண்ணுங்கண்ணா,” என்று சிரித்துவிட்டார். “காபி போட்டுக்கினு வரேன்.”

உங்கள் அம்மா போய்ச் சேர்ந்து, நீங்களும் வேலைக்கு வெளியூர் போன பிறகு, அந்த மாதிரி வீடு எனக்கும் பழக்கம்தான். நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

வீடு திரும்பியதும், வாசித்தால் மதிப்பு குறையும் என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்த கிடாரை எடுத்தேன். உறையைக் கழற்றிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஒரே பாட்டை முழுசாக வாசித்தேன்.